பழைய பென்ஸ் கார் வாங்கலாமா?

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி முதலாளி. அவருக்குப் பென்ஸ் கார் மீது ஆசை என்று வைத்துக்கொள்வோம்.

புதுக் கார் வாங்க அரைக் கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். 12 ஆண்டு ஓடிய பழைய காரோ, ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. ஓடிய தூரம் 1½ லட்சம் கிலோ மீட்டர்.

வீட்டில் சொல்கிறார். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"ஏனுங்க, யானைய வாங்கிடலாமுங்க. தீனி போட முடியுமுங்களா?"

விஷயம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விலை இறங்கும், செலவு இறங்காது

வயது ஏற ஏறக் காரின் விலை இறங்கும். ஆனால் உதிரிச் சாமான்களின் விலை இறங்காது. அரைக் கோடி ரூபாய்க் காரின் சாமான், என்றைக்கும் அரைக் கோடி ரூபாய்க் காரின் சாமான்தான்!

இந்தக் கார்களில் தானாக மாறும் கியர் உண்டு. சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது கம்ப்யூட்டர். ஒன்று கெட்டாலும் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வேலை ஆகாது. கோவைக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

நிட்டிங் மெஷின் சொல்லும் பாடம்

அப்படியானால், அதிகம் ஓடிய கார் எல்லாமே மோசமா? இல்லை.

பழைய நிட்டிங் மெஷின் வாங்குகிறவர், அது எத்தனை ஆண்டு ஓடியது என்று மட்டுமா பார்க்கிறார்? ஒழுங்காக எண்ணெய் விட்டார்களா, சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா, துணியில் ஊசிக் கோடு விழுகிறதா என்றும் பார்க்கிறார்.

காரும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, காலாகாலத்தில் ஆயில் மாற்றிய கார், அதிக தூரம் ஓடியும் நன்றாக இருக்கும். ஷெட்டில் பல ஆண்டு தூங்கிய காரில் ரப்பர் வெடித்திருக்கும்.

மீட்டர் பொய் சொல்லலாம்

கருவியை வைத்து மீட்டரைக் குறைத்துக் காட்டும் மோசடிக்காரர்கள் உண்டு. மீட்டர் 50 ஆயிரம் என்று காட்டும். ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து கிடக்கும். எது உண்மை? மிதிதான்!

சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீசுக்கும் தேதியும் கிலோ மீட்டரும் எழுதியிருக்கும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தது. ஏராளமான கார்கள் மூழ்கின. இப்படி மூழ்கிய கார்களை மெருகேற்றி விற்கிறவர்களும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் அந்தக் கார் வேண்டாம்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். 12 ஆண்டு ஓடிய காருக்கு மூன்றே ஆண்டு பாக்கி. பிறகு காரைச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பழைய கடன் பாக்கி இல்லை என்பதற்கும் சான்று வாங்குங்கள். இன்சூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் மனுக் கொடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், அந்த வகைக் காரில் பழகிய மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூலி சில ஆயிரம் ஆகலாம். அது லட்சங்களைக் காப்பாற்றும்.

சனிக்கிழமை சம்பளம்

கடைசிக் கணக்குதான் பெரிய கணக்கு.

பனியன் தொழிலில் சரக்கு இன்று போகும். பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். சனிக்கிழமைச் சம்பளமோ காத்திருக்காது.

2011 ஜனவரியில் ஐகோர்ட்டு உத்தரவால் திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்தன. அப்படி ஒரு நேரத்தில் காரின் கியர் பெட்டி கெட்டால்? ரிப்பேருக்குப் பணம் கொடுப்பதா? தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதா?

ஆகவே காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது ரிப்பேருக்கு என்று தனியே எடுத்து வையுங்கள். கடன் வாங்கி வைக்கக்கூடாது. சம்பளப் பணத்திலும் கை வைக்கக்கூடாது.

அப்படி வைக்க முடிகிறதா? நல்ல காராகப் பார்த்து வாங்கலாம்.

முடியவில்லையா? தெருவில் போகும் யானையைக் கும்பிட்டுவிட்டு, நடையைக் கட்ட வேண்டியதுதான்!