தண்ணி எங்கையிருந்து வருது, பிள்ளை?

நாமக்கல்லில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் பொருமி, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "ஒரு கோட்டு அடிச்சா சரியாயிடும் கண்ணு" என்றார். எனக்குள் அப்பா குரல் கேட்டது: "தண்ணி எங்கையிருந்து வருது எண்டு முதல்ல பார், பிள்ளை."

அப்பாவுக்கு ஊர் இலங்கையின் மன்னார். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டதும் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் அகதிகள் முகாம் வழியாகப் பரமத்தி முகாமுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் வலை வீசியவர், இங்கே பெயின்டர் ஆனார். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அந்த வேலைதான். நிலம் வேண்டாம், முதல் வேண்டாம். பிரஷ்ஷும் ஏணியில் ஏறத் தெம்பும் போதும். சாவியை இன்றும் 'திறப்பு' என்றுதான் சொல்வார். பட்டி, உப்புத்தாள், மரை, வாட்டம் எல்லாம் இந்த ஊர் மேஸ்திரிகளிடம் கற்ற சொற்கள். கையாள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்செங்கோடு, சங்ககிரி என்று அவரோடு ஏணி பிடிக்கப் போனவள் நான்.

அப்படிப் போன இடத்தில்தான் சுவர் ஏன் பொருமுகிறது என்று புரிந்தது. தரையிலிருந்தோ கசியும் பைப்பிலிருந்தோ சுவருக்குள் ஓதம் ஏறும். ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். வெளியே வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு அங்கேயே பூத்து, பெயின்ட்டைப் பின்னாலிருந்து தள்ளும். அதன்மேல் எத்தனை கோட்டு அடித்தாலும் அடுத்த மழைக்குள் உரியும். கசிவை நிறுத்தி, சுவரைக் காயவிட்டு, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளி, அதன்பிறகே பட்டி, பிரைமர், பெயின்ட். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

குழாய்க்கும் உப்புதான் எதிரி. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். வாஷர் உட்காருகிற இடத்தில் அது வெள்ளையாகப் படிந்து ரப்பரைத் தேய்த்துவிடும். குழாய் சொட்டத் தொடங்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, நாலு லிட்டருக்கு மேல். பழைய மாதிரித் திருகு குழாய் என்றால் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை விட்டு, தலையைக் கழற்றி வாஷரை மாற்றினால் போதும். வெள்ளைப் படிவை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கரைத்துவிடும். பைப் இணைப்பு கசிந்தால், டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் தடவை நான் பல்லைக் கடித்து முடுக்கியதில் ஒரு பிளாஸ்டிக் மரை வெடித்தது. "கனக்க இறுக்காதை. கை சொல்லும்" என்றார் அப்பா. கரண்ட் வேலையை மட்டும் அவரும் தொடமாட்டார், என்னையும் தொடவிடமாட்டார்.

வாடகை வீட்டுச் சுவருக்கு வருகிறேன். குளியலறைக் குழாய்க்குப் பின்னால் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்து மூன்று வாரம் சுவரைச் சும்மா விட்டேன். பிறகு அப்பா சொல்லித்தந்தபடி ஒரு பாலித்தீன் தாளின் நாலு ஓரத்தையும் சுவரில் ஒட்டி, ஒரு இரவு விட்டேன். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. இன்னும் பத்து நாள். மறுபடி ஒட்டியபோது தாள் காய்ந்திருந்தது. அன்றுதான் பட்டி டப்பாவைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா, "இதுக்கா ஒரு மாசம்?" என்றார்.

2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. தமிழகம் முழுக்க முகாம்களில் பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. நான் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டினேன். முப்பது வருடமாக ஊரார் வீட்டுச் சுவரைக் காயவைத்த மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மேல்தளத்திலை தண்ணி நிக்காமல் வாட்டம் வைப்பினமோ?"