தங்கச் சவரப் பெட்டி: முத்திரையும் எடையும்

பழைய 'முழுத் தங்க'ச் சவரத் தொகுப்பு என்று விற்பனைக்கு வருபவற்றுள் பல, பித்தளையின்மேல் தங்க முலாம் பூசப்பட்டவையே. இத்துறையில் முழுத் தங்கம் என்பது முலாமோ ஒட்டுத் தகடோ இன்றி முழுவதும் ஒரே தங்கக் கலவையால் ஆனதைக் குறிக்குமேயன்றி, 24 காரட் தூய்மையைக் குறிப்பதன்று. இத்தொகுப்புகளில் சவரம் செய்யும் அலகு எஃகுதான் என்பதால், கைப்பிடி, பிளேடைத் தாங்கும் தலைப்பகுதி, பிரஷின் பிடி, சோப்புக் கிண்ணம் ஆகியவற்றிலேயே தங்கத்தைத் தேட வேண்டும்.

கிங் கேம்ப் ஜில்லெட் 1904 நவம்பர் 15 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்ற, பிளேடு மாற்றும் ரேசரில் பொறிக்கப்பட்ட அந்தத் தேதியைத் தங்கத்துக்கான சான்றாகக் கொள்வது பிழை. அது கருவியின் உரிமையைச் சொல்கிறதே தவிர உலோகத்தின் மாற்றைச் சொல்வதில்லை. '1/20 14கே ஜி.எஃப்.' என்ற குறியும் அவ்வாறே ஏமாற்றக்கூடியது: மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குக்கு 14 காரட் தகடு, மலிவான உலோகத்தின்மேல் பிணைக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

பிரிட்டிஷ் தொகுப்புகளில் நோட்டம் எளிது. அரசு ஏற்புடைய சோதனைக்கூடம் இடும் முத்திரையில் மாற்றின் எண், ஊர்க்குறி (லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம்), ஆண்டைக் காட்டும் எழுத்து ஆகியவை சேர்ந்திருக்கும். 15 காரட் தரம் 1854இல் அனுமதிக்கப்பட்டு 1932இல் கைவிடப்பட்டமையால், '15 .625' என்ற குறியே காலத்தைப் பெரிதும் குறுக்கிவிடுகிறது.

முத்திரை தேய்ந்திருந்தால் ஒப்படர்த்தியை, அதாவது பொருளின் எடையை அது விலக்கும் நீரின் எடையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கணிக்கலாம். பித்தளைக்கு ஏறத்தாழ 8.5, 9 காரட்டுக்கு 11, 18 காரட்டுக்கு 15 வரும். ஆயினும் தங்க முலாமிட்ட வெள்ளி 10.4 அளவில் 9 காரட்டை நெருங்கி நிற்பதாலும், உட்குழிவான பிடிகளில் அரக்கு போன்றவை நிரப்பப்படுவதாலும், இச்சோதனையை மட்டும் நம்பி விலை பேசுவது துணிச்சலே. உரைகல்லும் மேற்பரப்பைத்தான் காட்டும்; பித்தளை முதலில் வெளித்தெரிவது பிடியின் வரிப்பள்ளங்களிலும் விளிம்புகளிலும் என்பதால், அங்கே உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதே மேல்.

மதிப்பீட்டின் அடித்தளம் உலோக விலை: நிரப்பியும் எஃகும் நீக்கிய 40 கிராம் 15 காரட் தங்கத்தில் தூய தங்கம் 25 கிராம். இதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரும், மூலப்பெட்டியும், உறுப்புகளின் முழுமையும் தீர்மானிக்கின்றன. பளபளப்புக்காக மெருகேற்றி முத்திரையை மழுக்குவோர் இந்த மேல்விலையைத் தாமே கரைத்துவிடுகின்றனர். ஒரே தொகுப்பின் உறுப்புகளில் ஆண்டெழுத்துகள் ஓரிரு ஆண்டு முன்பின் இருப்பது பொருட்டன்று. பிடிக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருபதாண்டு இடைவெளி தெரிந்தால், அது பின்னாளில் ஒட்டவைத்த தொகுப்பு என்று கொண்டு உறுப்புகளைத் தனித்தனியே விலையிட வேண்டும்.