நாயின் மூக்கு நோயை அறியத் திசுப் பரிசோதனை

நாயின் ஒரு நாசித் துளையில் இரத்தம் கசிகிறது. அது ஓயாது தும்முகிறது. மூக்குத் தண்டும் சற்றே வீங்கியிருக்கிறது. நவி மும்பையின் நெருளிலோ, செம்பூரிலோ, தாராவியிலோ களப் பணி புரிவோர் இத்தகைய நாயைக் காண நேரிடலாம். காண்போர் அடிபட்ட காயம் என்பர். அல்லது தீராத புற்றுநோய் எனக் கைவிடுவர். இரு முடிவுகளும் தவறாகலாம். தோற்றத்தில் ஒத்திருப்பினும் சிகிச்சையில் வேறுபடும் மூன்று நோய்களைப் பிரித்துக் காட்டுவது திசுப் பரிசோதனையாகும்.

முதலாவது ரைனோஸ்போரிடியோசிஸ். 1900-இல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் இதனை மனிதரிடம் விவரித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது மிகுதி. தேங்கிய நீரோடு தொடர்புடையது. மூக்கினுள் ஸ்ட்ராபெரிப் பழம் போன்ற சிவந்த தசை வளரும். அதன்மேல் வெண்புள்ளிகள் தோன்றும். இக்கிருமி செயற்கை ஊடகத்தில் வளர்வதில்லை. ஆகவே திசுவை நோக்குவதே வழி. தடித்த சுவருடைய உருண்டைப் பைகளும், அவற்றுள் நிறைந்த வித்துக்களும் நுண்பெருக்கியில் தெளிவாகத் தெரியும். நெடுங்காலம் பூஞ்சை எனக் கருதப்பட்ட இக்கிருமி, மீன்களைத் தாக்கும் சில நுண்ணுயிர்களுக்கு நெருங்கியது என 1999-இல் மரபணு ஆராய்ச்சி காட்டியது. தசையை அடியோடு அறுத்து, அவ்விடத்தைச் சுடுவதே சிகிச்சை.

இரண்டாவது, நாய்க்கு நாய் தொற்றும் பால்வினைக் கழலை. இதில் பரவுவது கிருமியன்று. உயிருள்ள கழலை அணுக்களே. முகர்தலாலும் நக்குதலாலும் அவை மூக்கை அடைகின்றன. 1876-இல் ரஷ்யாவில் நோவின்ஸ்கி இதனை ஒரு நாயிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றிக் காட்டினார். அணுக்கள் உருண்டையாக இருக்கும். அவற்றுள் தெளிந்த சிறு குமிழ்கள் காணப்படும். வாரம் ஒருமுறை செலுத்தும் வின்கிரிஸ்டின் மருந்தால் பெரும்பாலானவை குணமடைகின்றன.

மூன்றாவது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நோய். இது மூக்கின் மெல்லெலும்புகளை அரிக்கும். திசுவில் குறுக்குச் சுவர்களும் கிளைகளும் உடைய பூஞ்சை இழைகள் தென்படும். இதற்குப் பூஞ்சைக் கொல்லி மருந்து வேண்டும்.

திசு எடுப்பது கால்நடை மருத்துவரின் பணி. மயக்க மருந்து இன்றியமையாதது. உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோயிலும் மூக்கில் இரத்தம் வடியும். ஆதலின் முதலில் இரத்தத் தட்டணுக்களை எண்ணுதல் வேண்டும். கருவியின் முனை கண்ணின் உள்மூலையைத் தாண்டலாகாது. தாண்டினால் மூளைக்கு ஆபத்து. நாயைப் பிடிப்போர் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருத்தல் அவசியம்.

எடுத்த துண்டு அரை சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்படாமல் இருக்கட்டும். அதனை அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத பார்மலினில், அகன்ற வாயுள்ள புட்டியில் இடுக. உறைய வைத்தல் கூடாது. நாயின் வயது, நோய் தொடங்கிய நாள், எந்த நாசி என்பவற்றைப் பென்சிலால் எழுதிச் சேர்த்தனுப்புக. 1886-இல் தோன்றிய பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரி நெருளுக்குத் தொலைவன்று. சிறு துண்டைப் பார்மலினில் இட்டுச் சோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிட்டால், குணமாகக்கூடிய நாயும் தீராத நோயாளி எனக் கைவிடப்படும்.