தூரம் அதிகம், நேரம் குறைவு! எப்படி?

உங்களுக்கு ஒரு கேள்வி. டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் போக இரண்டு வழி. மேற்கே அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனால் சுமார் 13,900 கிலோமீட்டர். கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டிப் போனால் சுமார் 15,300 கிலோமீட்டர். எது சீக்கிரம் போய்ச் சேரும்?

"இதுல என்ன சார் சந்தேகம், கிட்டத்து வழிதான்!" அறிவியல் சார் கேட்டதும் எங்க வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கத்தினோம். நானும்தான். எல்லாருக்கும் முட்டை மார்க்!

ஏர் இந்தியா விமானம் 2015 டிசம்பரில் இந்தப் பயணத்தைத் தொடங்கியபோது மேற்கு வழியாகத்தான் போனது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட சுமார் 2 மணி நேரம் மிச்சம்!

காரணம் காற்று. ஆடி மாசம் சைக்கிளில் ஸ்கூலுக்கு வர்றவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எதிர்க்காத்துல மிதிச்சா நாக்கு தள்ளும், திரும்பிப் போறப்ப சைக்கிள் தானா ஓடும். தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஓடுகிறது. அதன் வேகம் சில சமயம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,300-ஐ பதினாலரையால் வகுத்தால் மணிக்கு சுமார் 1,055 கிலோமீட்டர். விமானத்தின் சொந்த வேகமோ ஏறக்குறைய 900தான். மீதி 150 காற்று கொடுத்த இனாம்! மேற்கே போகும்போது அதே காற்று எதிரே நின்று தள்ளும். விமானத்துக்கு எரிபொருள் செலவு பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. அதனால் 2 மணி நேர மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை.

"பூமி கிழக்குப் பக்கமா சுத்துதே, மேற்கே பறந்தா ஊரு தானா எதிர்ல வராதா?" என்று என் பக்கத்து பெஞ்சு நண்பன் கேட்டான். வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. ஓடும் பஸ்ஸுக்குள் பறக்கும் ஈ பின்னால போய் கண்ணாடியில மோதுதா என்ன?

இன்னொன்று. உண்மையில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறைந்த தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர்தான். அட்லஸில் ஸ்கேல் வைத்தால் இது தெரியாது. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்துக்குப் பக்கமாகப் போகும். (உருண்டை ஆய்வகத்தில் இருக்கு. கேட்டு வாங்குங்க, உடைச்சிடாதீங்க!)

கடைசியாக ஒரு வேடிக்கை. அக்டோபரில் டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால், பதினாலரை மணி நேரம் கழித்து டெல்லியில் மாலை 6.30. சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் அப்போது பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும். அதனால் அங்கே இறங்கும்போது அதே நாள் காலை 6 மணி! வழியில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் போன தேதியே மறுபடி வந்துவிடுகிறது. திரும்பி வரும்போதும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக டெல்லிக்கு வந்தால், போக வர ஒரே டிக்கெட்டில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாச்சு.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு