சுடாத வெயிலை அளப்பது

கொடைக்கானல் ஏரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாளெல்லாம் படகு விட்டவர்கள், ஊர் திரும்பியபின் மூக்குத் தோல் உரிவதைக் கண்டு திகைப்பதுண்டு. வெயிலே சுடவில்லையே! சுடுவது வேறு, தோலைப் பதம் பார்ப்பது வேறு. வெயிலின் சூட்டில் புற ஊதாக் கதிருக்குப் பங்கு மிகக் குறைவு. ஆனால் 1,000 மீட்டர் மேலே ஏறினால் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடிவிடும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

கண்ணுக்கும் தெரியாத, உடம்புக்கும் உறைக்காத இந்தக் கதிரை 1801இல் ஜெர்மனியின் யோகான் ரிட்டர் பிடித்தார். முப்பட்டகம் பிரித்த நிறமாலையில், ஊதாவுக்கு அப்பாலிருந்த இருட்டில்தான் வெள்ளி குளோரைடு வேகமாகக் கறுத்தது.

இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? எவ்வளவு என்பதுதான் வில்லங்கம். வாட் கணக்கில் அளந்து பயனில்லை, ஏனென்றால் தோல் எல்லா அலைநீளத்தையும் ஒன்றாக மதிப்பதில்லை. 298 நானோமீட்டர் கதிர் தோலைச் சிவக்க வைக்கும் திறனை 1 என்று வைத்தால், 308இல் அது ஒன்பதில் ஒரு பங்கு. 328இல் அறுநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஓசோன் வடிகட்டுவதும் இந்தக் கடுமையான பக்கத்தைத்தான். ஆகவே ஒவ்வோர் அலைநீளத்தையும் தோலின் தராசில் நிறுத்துக் கூட்டுகிறார்கள். சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் சேர்ந்தால் ஒரு புள்ளி. கனடா 1992இல் தொடங்கிவைத்த புற ஊதாக் குறியீடு இதுதான். ‘இன்று 12’ என்ற அறிவிப்பை வெறும் இயற்பியல் எண் என்று நினைக்க வேண்டாம், அது தோல் சொன்ன தீர்ப்பு.

தவளை முட்டைக்கும் நெற்பயிருக்கும் வேறு வேறு தராசு. அதனால் உயிரையே கருவியாக்கியவர்களும் உண்டு. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் உறங்கும் வித்துகளைப் படலமாக உலர்த்தி வெயிலில் வைக்கிறார்கள். பிறகு தீனி கொடுத்து, எத்தனை முளைக்கவில்லை என்று பார்க்கிறார்கள். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் டிஎன்ஏ பட்ட அடியை நேரடியாகக் காட்டும் அளவுகோல்.

அந்த அடி என்ன? டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1949இல் ஆல்பர்ட் கெல்னர் ஒரு விந்தையைக் கண்டார்: புற ஊதாவால் அடிபட்ட நுண்ணுயிர்கள், சாதாரண வெளிச்சம் பட்டதும் பிழைத்தெழுந்தன. ஃபோட்டோலையேஸ் என்ற நொதி நீல ஒளியைப் பிடித்து, அந்த ஒட்டைப் பிரித்துவிடுகிறது. ஒட்டவைத்த சூரியனே பிரிக்கவும் உதவுகிறது! தவளைக்கும் செடிக்கும் இந்த நொதி உண்டு. மனிதர், ஆடு, மாடு உள்ளிட்ட நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் அதைத் தொலைத்துவிட்டோம். கெட்ட துண்டை வெட்டியெறிந்து புதிதாக இழை பின்னும் மெதுவான வழிதான் நமக்கு மிச்சம். அதற்கும் மிஞ்சிய சேதத்தால் மடிந்த உயிரணுக்கள்தான் மூக்கில் தோலாக உரிகின்றன.