சிகிரியாக் குன்றும் விண்வெளி அணுக்கடிகாரமும்

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்று சமவெளியினின்றும் ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்தது. அதன் உச்சியிலும் அடிவாரத்திலும் ஒவ்வொரு கடிகாரம் வைப்பின், உச்சியிலுள்ளது நாளொன்றுக்கு ஒரு செக்கனின் நூறு கோடியில் ஏறத்தாழ இரண்டு பங்கு முந்தும். புவியினின்றும் உயருந்தோறும் காலம் விரையும் என்பது ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கையின் முடிபு.

இத்துணை நுண்ணிய வேறுபாட்டை அணுக்கடிகாரமே காட்டவல்லது. அணுவின் இரு சத்திமட்டங்களுக்கிடையே நிகழும் மாற்றத்துக்குரிய அதிர்வெண்ணை அது எண்ணுகிறது. அணுவை நெடுநேரம் நோக்குந்தோறும் எண்ணிக்கை நுட்பமுறும். நிலத்திலோ, லேசரொளியாற் குளிர்வித்த அணுக்களும் விரைவில் விழுந்துவிடுகின்றன. விண்கலத்திற் கலமும் அணுவும் ஒருங்கே விழுதலின் அவதானிக்குங் காலம் நீள்கிறது.

1976இல் 10,000 கிலோமீற்றர் உயரஞ் சென்ற ரொக்கெற்றில் வைத்த ஐதரசன் கடிகாரம் இம்முடிபை ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் உறுதிப்படுத்தியது. 2025 ஏப்பிரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய சீசியக் கடிகாரத் தொகுதியின் இலக்கு, பத்து இலட்சத்தில் இரு பங்கு நுட்பம். (நிலையத்தின் வேகத்தால் அக்கடிகாரம் பிந்துவதும் உண்டு, அப்பிந்தல் உயரத்தால் முந்துவதை விஞ்சுவது. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.)

சார்புக் கொள்கையும் குவாண்டக் கொள்கையும் இன்னும் ஒன்றுடனொன்று இசையவில்லை. அளவீடு கணிப்பினின்றும் சிறிது பிறழினும், இரண்டனுள் எதனைத் திருத்துவது என ஆராய்வதற்கு அதுவே முதற் சான்றாகும்.