வாடகை வீட்டுச் சுவரில் வெளிர்நீலம்

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்பவர்களுக்கு அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வருவது அபூர்வம். ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. வெள்ளையாக இருந்த கூடத்துச் சுவருக்கு நீங்கள் ஆசைப்பட்டு வெளிர்நீலம் அடித்திருந்தால், பிடித்தத்துக்கு வீட்டுக்காரரிடம் காரணமும் இருக்கும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அதன் அட்டவணைப்படி உரிமையாளர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும்; அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

நாலு வருஷம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், சோபா உரசிய தடமும் விழும். அது இயல்பான தேய்மானம். உங்கள் தலையில் கட்ட முடியாது. நிறத்தை மாற்றியது அப்படியல்ல. கேட்காமல் அடித்த நீலத்தை மறுபடி வெள்ளையாக்கும் செலவை வீட்டுக்காரர் கேட்டால், என் பார்வையில் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளிர் நிறத்தை மறைப்பது அடர்நீலத்தை மறைப்பது போலச் சிரமமான வேலையல்ல. ஒரு சுவருக்கு ஆன செலவுக்கு ஒரு மாத வாடகையா என்று தாராளமாகக் கேட்கலாம். பெயிண்ட் வாங்கிய பில்லையும் கூலிக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே பிரஷைத் தொடுவதற்கு முன்பே, எந்தச் சுவர், எந்த ஷேடு எண், செலவு யாருடையது, காலி செய்யும்போது வெள்ளையாக்கித் தர வேண்டுமா என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். ‘சரிம்மா, அடிச்சுக்கோங்க’ என்று வரும் பதிலை அழிக்காதீர்கள். குடிவந்த அன்றே எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவராக இருந்தால் அதன்மேல் பெயிண்ட் நிற்காது; முதலில் ஓதத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பழைய வீடென்றால் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சில், குறிப்பாகக் கதவு, கிரில்களில், ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். அதன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸ் திரும்ப வேண்டும். வரவில்லையென்றால் பதிவுத் தபாலில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், ஒப்பந்த நகலோடு உங்கள் பகுதி வாடகை அதிகாரியின் அலுவலகத்தை அணுகலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதையும் அங்கே பதிவாவதையும் சட்டம் எதிர்பார்க்கிறது. வாய்ப்பேச்சில் குடியேறியவர்கள் திணறுவது இங்கேதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசலாம். பெண்களுக்கு அந்த இலவச உதவி வருமான வரம்பு பார்க்காமலே கிடைக்கும்.